கூஜாவில் மச்சான்

எங்கள் கட்டடத்தின் மாடியில் எப்போதும் சாப்பாடு காய்ந்துகொண்டிருக்கும். பாதித் தோல் சீவிய எலுமிச்சை, நறுக்கி வைத்த பன்றித்தொடை, வாய் திறந்த சிப்பி, யாரோ கடித்துவிட்டு எழுந்துபோன ரொட்டி. எல்லாம் எண்ணெய்ச் சாயம். தொட்டால் விரலில் ஒட்டும். முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் டச்சுக்காரர்களும் பக்கத்து ஃபிளமிஷ்காரர்களும் பெரிய வீடுகளின் சாப்பாட்டு மேஜையை அப்படியே படமாக வரைந்து தள்ளியிருக்கிறார்கள். அந்தப் படங்களின் அச்சுப்பிரதியைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, கேன்வாஸில் கையாலேயே மறுபடி வரைந்து கொடுப்பதுதான் மாடியில் குடியிருக்கும் பெயிண்டரின் பிழைப்பு. ஹோட்டல்காரர்கள் வாங்குவார்கள், புது வீடு கட்டியவர்கள் வாங்குவார்கள், பல் டாக்டர்கள் வாங்குவார்கள். பல் டாக்டருக்கு எதற்குச் சாப்பாட்டுப் படம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் கீழ்த்தளத்தில் சட்டம் அடிக்கிறவன். மாடியிலிருந்து காய்ந்து இறங்கும் படத்துக்கு நாலு பக்கமும் மரம் வைத்து, மூலை சேர்த்து, பொன்னிறம் பூசி அனுப்புவது என் வேலை. எத்தனையோ படம் என் மேஜைக்கு வந்து போயிருக்கிறது. நடுவில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு ஓரம்தான் கணக்கு. ஓரம் கோணலாக இருந்தால் சண்டைக்குப் போவேன். நடுவில் யானையே நின்றாலும் அது பெயிண்டர் பாடு. பின்னால் என்மேல் பழி வராமல் இருக்க இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

மாடியில் வேலை செய்வது இரண்டு பேர். துணி மடிப்பு, மேஜை, இறைச்சி, ஈயப் பாத்திரம், பின்னால் இருக்கும் இருட்டு எல்லாம் பெயிண்டர். எலுமிச்சை, திராட்சை, கண்ணாடிக் கோப்பை, அப்புறம் எதன்மேல் பளபளப்பு வந்தாலும் அந்தப் பளபளப்பு, இதெல்லாம் அவர் மனைவி. அவர் முடித்துத் தள்ளிவைத்த பிறகு, மூன்று முடி மட்டும் மிச்சம் வைத்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அவள் உட்காருவாள். மூச்சை அடக்கி ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பாள். அதுவரை களிமண் உருண்டையாகக் கிடந்த திராட்சை வாயில் போடலாம் போல ஆகிவிடும். படங்களுக்குப் பழைய நீளமான பெயர்கள் உண்டு. வீட்டில் யாரும் சொல்வதில்லை. பெரிய எலுமிச்சை, சின்ன எலுமிச்சை, செத்த முயல், மண்டையோடு, அவ்வளவுதான். மண்டையோட்டுப் படத்தை ஒருவர் கல்யாணப் பரிசுக்குக் கேட்டுவிட்டு, “அந்த மண்டையை மட்டும் எடுத்துட்டு ஒரு தர்பூசணி போட்டுக் குடுங்களேன்” என்றார். போட்டுக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்ததாம்.

அச்சில் எலுமிச்சையின் நிறம் மங்கிப்போயிருக்கும் என்பதால் அவள் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாய் ஒரு பழத்தைச் சீவி எதிரில் வைத்துக்கொள்வாள். தோல் அறுபடாமல் சுருள் சுருளாய் மேஜை விளிம்பில் தொங்க வேண்டும்; நுனியில் ஒரு சொட்டு நிற்க வேண்டும். வேலை முடிந்த பழம் ஜூஸ் ஆகும். அந்த வீட்டில் டீ கேட்டாலும் எலுமிச்சை ஜூஸ்தான் வரும், ஜலதோஷத்தோடு போனாலும் அதுதான் வரும். பிழிந்த தோலை வைத்துப் பெயிண்டர் கூஜாவைத் தேய்ப்பார்.

அந்தக் கூஜாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வகைப் படத்தில் ஒரு ஈயக் கூஜா எப்படியும் வந்துவிடும். அதன் பளபளத்த வயிற்றில் எதிரே இருக்கும் அறை முழுவதும் குட்டியாய்த் தெரியும். அச்சில் அந்த இடம் மட்டும் கலங்கலாக இருந்து தொலைக்கும். அதனால் பெயிண்டர் பழைய பாத்திரக் கடையில் அதே மாதிரி வயிறு உள்ள ஒரு கூஜாவைத் தேடி வாங்கி, ஸ்டூலில் வைத்து, அதில் தெரிவதைப் பார்த்துப் போடுவார். தெரிவதை எல்லாம் போட முடியாது. ஜன்னல் கம்பியை எடுத்துவிட்டு அந்தக் காலத்துச் சதுரக் கண்ணாடி வைப்பார். ஃபேனை எடுப்பார். கொடியில் காயும் துணியை எடுப்பார். நட்டநடுவில் பிரஷ்ஷும் கையுமாய் அவரே தெரிவார். அந்த இடத்தில் கறுப்பைத் தடவிவிடுவார்.

“உங்களை ஏன் அழிக்கிறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நகல் எடுக்கிறவன் மூஞ்சியை எவன்யா வாங்குவான்?” என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் பெயிண்டர் மனைவியின் அண்ணன் ஒரு தோல்பையோடு வந்து சேர்ந்தார். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன் மாப்ளே” என்றார். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. தெருவில் அவருக்கு ரெண்டுநாள் என்றே பெயர் விழுந்துவிட்டது. மூலைக் கடைக்காரர் மட்டும் மரியாதையாய் ‘ரெண்டுநாள் சார்’ என்பார்.

பல தொழில் பார்த்தவர். கடைசியாக மீன்தொட்டிக் கடை வைத்திருந்தார். “தொட்டி எல்லாம் ஒழுகிடுச்சு, மீன் மட்டும் நின்னுச்சு” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணம் தனக்கு ஒத்துவராது என்பார்; பெண் வீட்டார் அதை அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நல்ல மனிதர்தான், யார் மனமும் நோகப் பேசமாட்டார். ஜன்னலடியில் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. பெயிண்டர் மத்தியானம் முதுகு சாய்க்கிற நாற்காலி. அதில் மச்சான் கைவைத்த பனியனும் கோடு போட்ட அரை டிராயருமாய் உட்கார்ந்தார் என்றால் அடித்து இறக்கிய ஆணிதான். இருந்த இடத்திலிருந்தே யோசனை சொல்வார்.

“மாப்ளே, இந்த ரொட்டிக்குக் கொஞ்சம் வெண்ணெய் தடவலாமே. வறட்டு ரொட்டியா இருக்கு.”

“அந்தக் காலத்துப் படம் மச்சான். அதுல வெண்ணெய் இல்லை.”

“அவங்க மறந்திருப்பாங்க. நாம ஏன் மறக்கணும்?”

சொல்லி முடித்ததும் தூங்கிவிடுவார். ஒருநாள் பெயிண்டர் மனைவி திராட்சைக் கொத்து ஒன்றை எதிரில் வைத்துப் பாதி வரைந்துவிட்டு, அடுப்பை அணைக்கப் போனாள். திரும்பி வந்தால் காம்பு மட்டும் இருந்தது.

“முடிச்சாச்சுன்னு நினைச்சேன்மா” என்றார் அண்ணன்.

“பாதிதான் அண்ணே முடிஞ்சுது.”

“அப்படியா? நானும் பாதியில நிறுத்தலாம்னுதான் பார்த்தேன்.”

அவள் சிரித்துக்கொண்டே மீதித் திராட்சையை ஞாபகத்திலிருந்து வரைந்தாள். பெயிண்டர் சிரிக்கவில்லை. படி இறங்கி என் பட்டறைக்கு வந்து, மரத்தூள் மேலேயே உட்கார்ந்தார்.

“போகச் சொல்லிடுங்களேன்” என்றேன்.

“எப்படிய்யா சொல்றது? அவங்க அப்பா போன பிறகு இவளை டிராயிங் கிளாஸுக்குத் தினம் சைக்கிள்ல வச்சு மிதிச்சுக் கூட்டிட்டுப் போனவரு அவரு. அவரு மிதிச்சிருக்காட்டி இன்னைக்கு என் வீட்டுல எலுமிச்சை ஏது? வாயைத் திறந்தா நான் நன்றிகெட்டவன் ஆயிடுவேன்.”

“தங்கச்சிகிட்டயாவது சொல்லிப் பாருங்க.”

“அவகிட்டயா? சாப்பாட்டுல அவ அண்ணனுக்கு முட்டை ரெண்டு, எனக்கு ஒண்ணு. நான் ஒருத்தன் அங்க உட்கார்ந்திருக்கேன்னு அவளுக்கு ஞாபகம் இருக்கோ இல்லியோ!”

மச்சானைவிட அந்த முட்டைதான் அவரைக் குத்தியது என்று எனக்குப் புரிந்தது. ஐம்பதை நெருங்குகிற மனிதர், முட்டைக்கு ஏங்குகிறார் என்று வெளியே சொல்ல முடியுமா? நானும் தலையை ஆட்டிவிட்டு இழைப்புளியைக் கையில் எடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புது ஹோட்டலின் வேலை வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் சுவரை அடைத்த மாதிரி ஒரு பெரிய எலுமிச்சை. அது முதலாளியம்மாவுக்குப் பிடித்துவிட்டால், மாடி மாடியாய் அறைக்கு ஒரு படம். அப்படி ஒரு வேலை எங்கள் கட்டடத்துக்கு வந்ததே இல்லை. பெயிண்டர் குளிக்க மறந்தார், சவரம் மறந்தார். நானும் கூரைக்கு ஏற்றுகிற உத்தரம் போல ஒரு சட்டம் அடித்தேன். சாயம் அரைகுறையாய்க் காய்ந்த படத்தை நாங்களும் கூலியாள் இரண்டு பேருமாய்ப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தோம். முதலாளியம்மா வெளியூரில் இருந்தார். டெக்கரேட்டரோடு வந்து பார்த்துச் சொல்வார் என்றார்கள்.

மறுநாள் மச்சான் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனார். அதுவே தெருவில் பேச்சாயிற்று. ஹோட்டலில் “படம் போட்ட வீட்டுலேருந்து வரேன்” என்று சொன்னால் சும்மாவே டீ கொடுக்கிறார்களாம். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு களை. நான் மாடியில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன்.

“மாப்ளே, சொல்லவே இல்லையே நீங்க!” என்றார்.

“என்ன சொல்லலை?”

“நான் படத்துல இருக்கேனே!”

பெயிண்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “எந்தப் படத்துல?”

“பெரிய எலுமிச்சையில. கூஜாவுல. மேஜை மேல ஏறி நின்னு பார்த்தேன். நல்லாத் தெரியறேன். பனியன்ல அந்தத் தோள்பட்டை ஓட்டைகூட இருக்கு. தூங்கறேன். கையில என்னமோ குச்சி மாதிரி இருக்கு. தூங்கிக்கிட்டே பல்லு குத்தறேனோ என்னமோ!”

பெயிண்டர் எழுந்தார். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். கூடத்தில் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தோம். ஆமாம். கூஜாவின் வயிற்றில் சதுரக் கண்ணாடி ஜன்னல், அதன் கீழே பிரம்பு நாற்காலி, அதில் தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பிளந்துகொண்டு ரெண்டுநாள். ஃபேன் இல்லை, கொடித்துணி இல்லை, பெயிண்டர் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவர் மச்சானை மட்டும் விட்டுவிட்டார்.

“என்னய்யா இது?” என்றேன்.

“நான் நாற்காலியைத்தான்யா போட்டேன்” என்றார் பெயிண்டர், அழாக்குறையாய். “சத்தியமா மச்சானைப் பார்க்கவே இல்லை. பார்த்துப் பார்த்து அவரும் நாற்காலியும் ஒண்ணாயிட்டாங்க. அழிக்கணும். அந்தம்மா நாளைக்கு வருதாம். அதுக்குள்ள அழிச்சிடணும்.”

இதில் என்ன தகராறு இருக்கிறது, சாயம் போக்கும் டர்பன்டைனில் ஒரு துணியை நனைத்துத் துடைத்தால் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் மனைவி, “அழிக்காதீங்க” என்றாள்.

“ஏன்?”

“ஈரம் முழுசாக் காயலை. தொட்டா மேஜைத்துணி எல்லாம் கலங்கிடும்.”

“மேஜைத்துணியும் நான்தானே போட்டேன்? அது எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சவர்தான் எங்க அண்ணனை வாயைப் பொளந்த மாதிரி போட்டீங்களா? அவரு இங்க இருக்கிறது உங்களுக்குக் கண்ணை உறுத்துது. வீட்டுல வச்சுக்கப் பிடிக்கலை, சரி. படத்துல இருந்தும் துடைச்சு எடுக்கணுமா?”

“உறுத்தியிருந்தா கண்ணுல பட்டிருக்குமேடி! படவே இல்லைங்கறேன்!”

“கூட இருக்கிற மனுஷன் கண்ணுலயே படலைன்னா அது அதைவிட மோசம்.”

நாற்காலியிலிருந்து மச்சான், “எனக்காக நீங்க ரெண்டு பேரும் சண்டை போட வேண்டாம். அழிக்க எல்லாம் வேண்டாம் மாப்ளே, வாயை மட்டும் மூடி விட்டுடுங்க” என்றார்.

அதோடு பெயிண்டருக்குப் பொறுமை போயிற்று. அத்தனை மாதமாய் என் மரத்தூளில் உட்கார்ந்து கொட்டியது எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டது.

“கூஜாவுல இருக்கிறவரும் போகணும், நாற்காலியில இருக்கிறவரும் போகணும். இல்லாட்டி நான் போறேன். நான் போனா இந்த வீட்டுல யாருக்குத் தெரியப்போகுது? நான் இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியலை!”

மச்சான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டார். இமை மட்டும் துடித்தது. பெயிண்டர் மனைவி என்னமோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் உள்ளே போய் ஒரு எலுமிச்சையை வெட்டினாள். எனக்கு இன்னொரு ஜூஸ் வந்துவிடுமோ என்று பயந்து நான் கீழே இறங்கிவிட்டேன்.

காலையில் பெயிண்டரும் நானும் ஏணியோடு கிளம்பினோம். கூப்பிடாமலேயே அவர் மனைவியும் சாயப்பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். மேனேஜரிடம் தூசி தட்ட வந்திருக்கிறோம் என்று சொன்னோம். கூடத்தில் பையன்கள் கைத்துணியை மடித்து மடித்துத் தட்டில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பெயிண்டர் ஏறி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நனைத்த துணியைக் கூஜாவிடம் கொண்டுபோனார். கொண்டுபோன கை அப்படியே நின்றது.

“யோவ், இது பல்குச்சி இல்லய்யா.”

“பின்னே என்ன?”

“பிரஷ். மூணு முடி பிரஷ். இதை நான் போடலை.” குனிந்து மனைவியைப் பார்த்தார். “நீதானா?”

“நான்தான்” என்றாள். “கடைசியாப் பளபளப்பு வைக்க உட்கார்ந்தப்ப பார்த்தேன். அழிச்சிடலாம்னுதான் பிரஷ்ஷை எடுத்தேன். மனசு வரலை. ஊரே அவரை வேலைவெட்டி இல்லாதவருங்குது. படத்துலயாவது கையில ஒரு வேலை இருக்கட்டுமேன்னு வச்சேன்.”

“நான் முதுகு ஒடியப் போட்ட படத்துல உங்க அண்ணன் கையில பிரஷ்ஷா?”

“கத்தாதீங்க. ஏணி ஆடுது.”

ஆடத்தான் ஆடியது. நான் இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், “யாரது மேல?” என்றது. முதலாளியம்மா. பக்கத்தில் கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸைத் தொங்கவிட்ட டெக்கரேட்டர். பெயிண்டர் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “தூசி” என்றார். இறங்கச் சொன்னார்கள், இறங்கினார். டெக்கரேட்டர் ஏறினார். எலுமிச்சையைப் பார்த்தார், பன்றித்தொடையைப் பார்த்தார், கூஜாவிடம் வந்து லென்ஸை வைத்தார்.

“அடேங்கப்பா!” என்றார் டெக்கரேட்டர். “மேடம், இதைப் பாருங்க. அந்தக் காலத்துல சில ஓவியருங்க இந்த மாதிரிக் கூஜாவுல தன் உருவத்தையே குட்டியா ஒளிச்சு வைப்பாங்க, கையில பிரஷ்ஷோட. நம்ம ஆர்ட்டிஸ்டும் தன்னையே வச்சிருக்காரு! அதுவும் பனியனோட! வேலை செஞ்சு செஞ்சு களைச்சு, பிரஷ்ஷைக்கூடக் கீழ வைக்காம அப்படியே சாஞ்சுட்டாரு பாருங்க. என்ன துணிச்சல்!”

முதலாளியம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “பாவம், எவ்வளவு உழைச்சிருக்காரு” என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தானா மச்சான் டீ குடிக்க வர வேண்டும்? வந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஏணியையும் எங்களையும் பார்த்துத் திகைத்து, வாயைப் பிளந்தார். அந்த வாயே போதுமானதாக இருந்தது. டெக்கரேட்டர் கூஜாவைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், ஏணியிலிருந்து இரண்டு படி தாண்டிக் குதித்தார்.

“ஆர்ட்டிஸ்ட்!”

முதலாளியம்மா போய்க் கை கொடுத்தார். மச்சான் தங்கையைப் பார்த்தார், பெயிண்டரைப் பார்த்தார். மறுக்கத்தான் வாயெடுத்தார் என்று இன்றும் சாதிக்கிறார். ஆனால் யாரும் அவர் கையை அப்படி இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கியதில்லை. நெஞ்சு தானாகவே நிமிர்ந்துவிட்டது.

“ஏதோ, நம்மால முடிஞ்சது” என்றார்.

“எல்லா அறைக்கும் நீங்கதான் போட்டுத் தரணும்” என்றார் முதலாளியம்மா. “முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

டெக்கரேட்டர் சாயப்பெட்டியிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்து மச்சான் கையில் திணித்தார். அவர் அதைச் சூப் குடிக்கிற கரண்டியைப் பிடிப்பது போலப் பிடித்தார். பெயிண்டரைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லய்யா, இப்போதாவது வாயைத் திறந்து நான்தான் என்று சொல்லேன்யா என்று மனசுக்குள் கத்தினேன். பெயிண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பெரிய வேலை கையைவிட்டுப் போய்விடுமே என்ற பயம். மெதுவாய், “போடுங்க மச்சான்” என்றார்.

கூஜாவில் செய்வது போலவே, தன் தலைமேல் தானே மறுபடியும் கறுப்பைத் தடவிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவர் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது.

“அண்ணே, பிரஷ்ஷைக் கீழ வைங்க” என்றாள். மச்சான் சுட்டது போலக் கீழே வைத்தார். “படம் போட்டது இவரு. என் வீட்டுக்காரரு. அது எங்க அண்ணன். தூங்கிட்டு இருந்தாரு, கூஜாவுல விழுந்துட்டாரு. பிரஷ் நான் வச்சது. இதான் நடந்துது. பிடிக்கலைன்னா படத்தைக் கழட்டிக் குடுத்துடுங்க, நாங்க தூக்கிட்டுப் போறோம்.”

சட்டத்தின் கனம் தெரியாமல் பேசுகிறாளே என்று எனக்குப் பகீரென்றது.

முதலாளியம்மா கோபப்படவில்லை, குழம்பித்தான் போனார். “அப்ப போட்டவர் தன்னை ஏன் வைக்கலை?” என்றார்.

“அவரு வைக்கமாட்டாருங்க. எல்லாத்துலயும் தன்னை எடுத்துடுவாரு. அதுக்குத்தான் நான் இருக்கேன்.” டெக்கரேட்டரைப் பார்த்தாள். “எலுமிச்சைத் தோல் நுனியில ஒரு சொட்டு தொங்குதில்ல? அதுல உங்க லென்ஸை வச்சுப் பாருங்க.”

அவர் ஏறினார். மிளகு அளவுச் சொட்டு.

“ஒரு ஜன்னல்” என்றார். “ஜன்னலுக்கு முன்னால ஒரு ஆள். தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டு நின்னு வரைஞ்சிட்டிருக்காரு.” திரும்பினார். அதே மாதிரி தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்துக்கொண்டு கீழே நின்றிருந்தார் பெயிண்டர்.

“நான் உட்கார்ற இடத்துலேருந்து பார்த்தா சொட்டுல இவருதான் தெரிவாரு” என்றாள் அவள். “இது ஒண்ணுல மட்டும் இல்லை. கல்யாணமாகி நான் போட்ட முதல் எலுமிச்சையிலேருந்து எல்லாத்துலயும் இருக்காரு. நான் இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியலைன்னு நேத்து கத்தினாரே, அப்பவே சொல்லியிருப்பேன். வீம்பு. முட்டைக்காகவா இவ்வளவு கோபம்னு எனக்கும் கோபம்.”

“முட்டை விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?” என்றவர், சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பெயிண்டர் லென்ஸை வாங்கிக்கொண்டு ஏறினார். சொட்டில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஏணி மெதுவாய் நடுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கீழே இருந்த எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அங்கிருந்தே சொன்னார்:

“வழுக்கையைக்கூட விடலியேடி.”

“பளபளப்புன்னா என் வேலைதானே” என்றாள் அவள்.

அவர் இறங்கியதும் நானும் ஏறிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு படத்தின் நடுவைக் கிட்டப்போய் நான் பார்த்தது அன்றுதான். எத்தனை ஹோட்டலில், எத்தனை பல் டாக்டர் வீட்டுச் சுவரில் இந்த மனிதர் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஓரத்தையே பார்த்துப் பிழைப்பை ஓட்டினால் இப்படித்தான்.

முதலாளியம்மா கையெழுத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை. எல்லா அறைப் படத்திலும் சொட்டில் அவர் இருக்க வேண்டும் என்றார். டெக்கரேட்டர் விடவில்லை. “கூஜாவுல அந்த மனுஷனும் இருக்கணும். அதே நாற்காலி, அதே பனியன், அதே வாய். விருந்தாளிங்க தேடித் தேடிப் பார்ப்பாங்க” என்றார்.

இந்தச் சந்தோஷத்தோடு வீடு திரும்பினால் நாற்காலி காலியாக இருந்தது. எங்களுக்கு முன்பே கூடத்திலிருந்து நழுவிய மச்சான், தோல்பையோடு கிளம்பிப் போயிருந்தார். பெயிண்டர் மனைவி நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டு நின்றாள். பெயிண்டர் நாற்காலியைப் பார்த்தார், கூஜாவைப் பார்த்தார். கூஜாவில் நாற்காலி வெறும் நாற்காலியாகத்தான் தெரிந்தது. மறுபடியும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். அங்கே பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்து மச்சான் தூங்கிக்கொண்டிருந்தாராம். அவர் ஏற வேண்டிய பஸ் போய்விட்டதாம்.

“மச்சான், வாங்க. நீங்க இல்லாம முடியாது.”

“ரெண்டு நாள்னு வந்தவன் மாப்ளே நான். அதிகமாவே இருந்துட்டேன்.”

“இனிமே விருந்தாளி இல்லை மச்சான். வேலைக்கு வாங்க. சம்பளம் உண்டு.”

மறுநாள் காலையில் வேடிக்கை பார்க்க நான் மாடிக்குப் போனேன். பெயிண்டர் தட்டில் இரண்டு முட்டை இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் கூஜாவை எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பளபளவென்று ஸ்டூலில் வைத்தார். மச்சான் குளித்து, சவரம் செய்து, அதே பனியனைத் துவைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தங்கை அவர் கையில் மூன்று முடி பிரஷ்ஷைக் கொடுத்தாள். பெயிண்டர் காத்திருந்தார். அவள் காத்திருந்தாள். ஜூஸ் டம்ளரோடு நானும் காத்திருந்தேன். மச்சான் முதுகை விறைப்பாக நிமிர்த்தி, கண்ணை அகல விழித்துக்கொண்டு, கூஜாவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், கொஞ்சம் தூங்குங்களேன்” என்றார் பெயிண்டர்.

“நானும் பார்க்கறேன் மாப்ளே, வரமாட்டேங்குது.”

“வழக்கமா வருமே.”

மச்சான் பரிதாபமாய் எங்களைப் பார்த்தார். “வேலை நேரத்துல எப்படி மாப்ளே தூக்கம் வரும்?”